முதிரை மரக் கட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

‘வன்மரம்’ என்றால் உறுதியான மரம் என்று நினைக்கிறோம். தாவரவியல் கணக்கில் பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரமெல்லாம் வன்மரம்தான், நம்ம வீட்டு முருங்கையும் சேர்த்து! அதனால் அந்தச் சொல்லை நம்பி விலை பேச வேண்டாம்.

தளபாடத்துக்கு விலை வைப்பது மரத்தின் இனமும் வைரமும்தான் (வைரம் என்றால் உள்ளே முற்றி இறுகிய பகுதி). இலங்கையில் அரச மரக்கூட்டுத்தாபனம் மரங்களை இனவாரியாக வகுப்புப் பிரித்தே விலை போடுகிறது. தேக்கும் முதிரையும் மேல் வகுப்பு. வன்னிக் காட்டுப் பாலை மரமும் இரும்பு மாதிரித்தான், ஆனால் அது தூணுக்கும் கூரை வளைக்கும் போகிற மரம்.

வவுனியாவிலோ மாங்குளத்திலோ மரக்காலைக்கு (மரம் விற்கும் இடம்) போனால் மேல் பொலிஷைப் பார்த்து மயங்காதீர்கள். கட்டில் சட்டத்தைப் புரட்டி, பொலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதிரை வைரம் பொன்மஞ்சளாக, பட்டுப்போல மினுங்கும். ஓரத்தில் வெளுத்த கீற்று ஓடினால் அது வெளிறு, அதாவது வைரம் ஏறாத வெளிப்பகுதி. பூச்சி அங்கேதான் முதலில் ஏறும். அப்புறம் தூக்கிப் பாருங்கள். ஒரு கன மீற்றர் தேக்கு சுமார் 650 கிலோ, முதிரையோ 900ஐத் தாண்டும். ஒற்றைக் கையில் சட்டென்று எழும்புகிற ‘முதிரை’ச் சட்டத்தை நான் வாங்கமாட்டேன்.