ராபின் ஹூட்ஸ் பே: கடலின் நேரம் பார்த்து ஒரு நாள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், விட்பி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவில், செங்குத்தான சரிவொன்றில் வீட்டின்மேல் வீடாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும் சிற்றூர் ராபின் ஹூட்ஸ் பே. உள்ளூர் மக்கள் 'பே' என்று மட்டுமே சொல்வார்கள். வில்வீரன் ராபின் ஹூட் இங்கு வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. இந்த ஊரையும் அதன் விரிகுடாவையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க விரும்புவோர், பேருந்து நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கடலின் நேரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

கடல் ஏறியிருக்கும்போது இங்கே கடற்கரை என்ற ஒன்றே இருப்பதில்லை. அலை நேராகப் பாறைச்சுவரில் வந்து மோதும். வற்றும்போதுதான் கரிய பாறைத்தட்டுகள் வளைவு வளைவாகத் தலைகாட்டும். ஆகவே விட்பி துறைமுகத்துக்குரிய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை, எடுத்துக்கொண்டு, அன்று கடல் மிகவும் வற்றியிருக்கும் தாழ் ஓத நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தையே தருவதால், கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்கிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாட்களில் கடல் மிகத் தாழ வற்றும் என்பதோடு, அந்த வற்றம் கோடையில் நண்பகலை ஒட்டியே வரும் என்பதால், பயணத்துக்கு அந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கடற்கரையில் இறங்கி, அது கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் மேலேறிவிட வேண்டும்.

விட்பியிலிருந்தோ ஸ்கார்பரோவிலிருந்தோ வரும் எக்ஸ்93 பேருந்து உங்களை ஊரின் தலைப்பகுதியில் இறக்கிவிடும். காரில் வருவோரும் அங்கேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், ஏனெனில் கீழே வெளியூர் வண்டிகளுக்கு இடமில்லை. வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போதே ஏற்றத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது. பழைய சாலையை 1780இல் கடல் விழுங்கிய பிறகு அமைந்த தெருவில்தான் இறங்குவீர்கள். இருபுறமும் கைகளை விரித்தால் சுவரைத் தொடக்கூடிய சந்துகள் பிரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலையும் பட்டும் சாராயமும் இங்கே கடத்தலாக வந்து இறங்கின; துறையில் இறங்கிய பட்டுத்துணி வெளிச்சத்தையே காணாமல் வீட்டுக்கு வீடு கைமாறி உச்சிக்குப் போய்விடும் என்று இன்றும் சொல்கிறார்கள்.

படகுத்துறைச் சரிவில் இறங்கியதும் வலப்புறமாக, அதாவது தெற்கு நோக்கி, நடக்கத் தொடங்குங்கள். பாறைச்சுவரின் அடிவாரத்தை ஒட்டி நடக்காதீர்கள். களிமண்ணும், ஏடு ஏடாகப் பிரியும் ஷேல் கல்லும் கலந்த அந்தச் சுவர் மழைக்குப் பின் எச்சரிக்கையின்றிச் சரியும். தண்ணீர் வற்றிய கூழாங்கல் பரப்பில் குனிந்து பொறுமையாகத் தேடினால் மூன்று வகைப் புதைபடிவங்கள் கண்ணில் படும். துப்பாக்கித் தோட்டா போல் ஒரு முனை கூராக இருப்பது, கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரான பெலெம்னைட். கனத்த நகம் போல் வளைந்து, 'பேயின் கால்நகம்' என்று பெயர் பெற்றது கிரிஃபியா என்னும் சிப்பி. சுருண்ட பாம்பு போல் இருப்பது, ஓடுள்ள பழங்காலக் கடலுயிரான அம்மோனைட். விட்பி மடத்தின் புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்ற கதை இதிலிருந்து பிறந்ததுதான். நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமமும் இவ்வகை உயிரின் கல்லுருவம் என்பதை நினைத்தால், அந்த ஈரக்கல்லைக் கையில் ஏந்தும்போது உள்ளம் நெகிழும். உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம், படமெடுக்கலாம். பாறையைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது.

பழைய ஆலை ஒன்று இளைஞர் விடுதியாக மாறியிருக்கும் பாகிள் ஹோலையும் அதற்கடுத்த ஸ்டூப் பெக் ஓடையையும் கடந்ததும், படியேறிக் கிளீவ்லாண்ட் வே நடைபாதையில் சேர்ந்துவிடுங்கள். எங்காவது நீர் சூழ்ந்துவிட்டால் பாறைச்சுவரில் ஏற முயலாமல், 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும்.

விரிகுடாவின் தெற்கு முனையிலுள்ள ராவன்ஸ்கார் என்னும் சிற்றூருக்குச் சற்று முன்னால், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பாதுகாத்துவரும் படிகாரத் தொழிற்சாலையின் அடித்தளங்கள் இருக்கின்றன. பலர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். நீங்கள் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1862 வரை இங்கே படிகாரம் காய்ச்சினார்கள். மலையை வெட்டி எடுத்த ஷேல் கல்லைக் குன்றுபோல் குவித்து, மாதக்கணக்கில் கனன்று எரியவிட்டு, பிறகு நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சுண்டக் காய்ச்சுவார்கள். அதில் சேர்க்க வேண்டிய காரத்துக்காக லண்டன் போன்ற நகரங்களிலிருந்து மனித சிறுநீரைப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கரைசல் பதமாகிவிட்டதா என்று அறிய ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். முட்டை மிதந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். துணியில் சாயம் நிலைத்து நிற்கவும் தோல் பதனிடவும் இந்தப் படிகாரம்தான் தேவைப்பட்டது.

ராவன்ஸ்காரில் தேநீர் அருந்திவிட்டு, சிண்டர் டிராக் வழியாகத் திரும்பலாம். 1885இல் திறக்கப்பட்டு 1965இல் மூடப்பட்ட ரயில்பாதை, இப்போது நடைபாதையாக இருக்கிறது. ஏற்ற இறக்கம் மிதமாக இருப்பதால் களைத்த கால்களுக்கு இதம். போக, வர, ஆங்காங்கே நிற்க எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் திரும்பியதும், 1881 ஜனவரியில் நடந்த மீட்புப் பணியைச் சொல்லும் நினைவுப் பலகையைத் தேடிப் படியுங்கள். 'விசிட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கியபோது, கடல்வழியே வர இயலாத விட்பி உயிர்காப்புப் படகை, ஆளுயரப் பனியை வெட்டி வழியமைத்து, குதிரைகளும் மனிதர்களுமாகத் தரைவழியே இழுத்து வந்து, தவித்தவர்களைக் காப்பாற்றினார்கள்.

மாலையில் துறைக்கு மீண்டும் இறங்கிவாருங்கள். இங்கிலாந்தின் மேற்குக்கரையிலுள்ள செயின்ட் பீஸிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து வருபவர்கள், அங்கே எடுத்த கூழாங்கல்லை இங்கே கடலில் போடுவது வழக்கம். நடைப்பயண நூலாசிரியர் ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் வகுத்த அந்த நடைவழி இத்துறையில் முடிகிறது. நீங்கள் காலையில் நடந்த பாறைத்தட்டுகளைக் கடல் ஒவ்வொன்றாக மூடிவரும் அந்நேரத்தில், கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால், அவருக்குச் சரிவில் வழிவிட்டு நில்லுங்கள்.