அண்டர்கட் ஸ்டீக்: ஓர் இரும்புச் சட்டியும் ஒரு வெப்பமானியும் போதும்

வீட்டு அடுப்பில் நல்ல ஸ்டீக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டை வாட்டி எடுப்பது) வராது என்று பலர் ஒதுங்கிக்கொள்வதற்குக் காரணம், அதற்குக் கரி அடுப்போ கிரில்லோ கட்டாயம் வேண்டும் என்ற எண்ணம்தான். உண்மையில் கனமான ஓர் இரும்புச் சட்டி, வழக்கமான கேஸ் அடுப்பு, ஓர் இடுக்கி, கறிக்குள் செருகிப் பார்க்கும் ஒரு வெப்பமானி ஆகியவை இருந்தால் போதும். ஸ்டீக் சமைப்பவர் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறார். கறியின் மேற்பரப்பு 150 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடேறிப் பழுப்பாக முறுக வேண்டும். நடுப்பகுதியோ 60 டிகிரியை ஒட்டியே நின்றுவிட வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த இழுபறியைச் சமாளிப்பதற்கானவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அளவும் நேரமும் சற்று மாறினாலும் தடுமாற்றம் வராது.

கறியைத் தேர்ந்தெடுத்தல்

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ரிப்ஐ போன்ற, கொழுப்பு இழையோடிய துண்டுகளைச் சொல்கின்றன. நம் ஊர்க் கறிக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எருமையின் அல்லது வயதான மாட்டின் இறைச்சி. அதில் கொழுப்பு குறைவு, உழைத்த தசையின் முறுக்கு அதிகம். ஆகவே தொடைக்கறியையும் சப்பைக்கறியையும் குழம்புக்கும் சுக்காவுக்கும் விட்டுவிட்டு, ஸ்டீக்குக்கு அண்டர்கட்டைக் கேட்க வேண்டும். முதுகெலும்பின் உட்புறமாக இடுப்பருகே ஓடும் இந்தத் தசைக்கு உயிருள்ளபோது வேலை மிகக் குறைவு என்பதால்தான் இது இவ்வளவு மென்மையாக இருக்கிறது. துண்டு போடாமல் முழுதாகத் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசி முடிப்பதற்குள் அதைக் குழம்புத் துண்டுகளாக்கிவிடும் வேகம் பல கடைக்காரர்களின் கைக்கு உண்டு.

அண்டர்கட்டின் மேல் வெள்ளி போலப் பளபளக்கும் வெள்ளைச் சவ்வு ஒட்டியிருக்கும். எவ்வளவு சமைத்தாலும் அது மென்மையாகாது. சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். மெல்லிய கத்தியின் நுனியைச் சவ்வுக்கு அடியில் செருகி, ஒரு முனையை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் வெட்டும் விளிம்பைக் கறிப்பக்கம் சாய்க்காமல் சவ்வின் பக்கமாக மிகச் சற்றே உயர்த்தி முன்னோக்கி நகர்த்தினால், அது நீண்ட நாடாவாக உரிந்துவரும். கறியோடு சேர்ந்து வந்தால் கத்தி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு தடித்த நடுப்பகுதியை 4 சென்டிமீட்டர் கனத்தில் வட்டங்களாக நறுக்குங்கள். ஒல்லியான வால் முனை ஸ்டீக்குக்கு ஆகாது. மிளகு வறுவலுக்கு அதைவிட நல்ல கறி இல்லை. கனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1 சென்டிமீட்டர் துண்டில் மேற்பரப்பு முறுகுவதற்குள் நடுப்பகுதி வெந்து உலர்ந்துவிடும் என்பதால், எந்தச் சமையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

உப்பும் உலர்த்தலும்

காலையில் அறுத்த கறியை அன்றே ஸ்டீக்காக்கினால் அது இறுக்கமாகவே இருக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்கின்றன; குளிரில் ஓரிரு நாட்கள் இருக்கும்போதுதான், தசையிலேயே உள்ள நொதிகள் இழைகளை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. குளிர்பதனப் பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைப்பது இதற்கும், அடுத்து வரும் உலர்த்தலுக்கும் சேர்த்துப் பயன்படுகிறது.

250 கிராம் துண்டுக்கு அரைத் தேக்கரண்டித் தூள் உப்பு என்ற கணக்கில் எல்லாப் பக்கமும் தடவி, ஒரு தட்டின் மேல் கம்பிச் சட்டத்தை வைத்து, அதில் கறியை மூடாமல் அடுக்கிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமைத்த உணவை அதற்கு அடியில் வைக்காதீர்கள். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் அதுவே கரைந்து, பிறகு மெல்ல உள்ளே ஊறும். கடைசியில் மேற்பரப்பு, தொட்டால் காகிதம் போல உலர்ந்திருக்கும். இதற்கு ஓர் இரவு சிறந்தது. 45 நிமிடம் குறைந்த அளவு. அவ்வளவு நேரமும் இல்லாவிட்டால், சட்டியில் போடும் நொடியில் உப்பிடுங்கள். இடைப்பட்ட பத்துப் பதினைந்து நிமிடம்தான் மோசமானது, ஏனெனில் அப்போது நீர் முழுவதும் வெளியே வந்து மேற்பரப்பில் நின்றுகொண்டிருக்கும்.

நீர் ஏன் இவ்வளவு பெரிய எதிரி என்றால், அது 100 டிகிரியில் கொதிக்கிறது; மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை கறி அந்தச் சூட்டைத் தாண்டாது. பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் வேதிவினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமிய் மயார் 1912இல் விவரித்த வினை இது. நம் வீட்டு வெங்காயம் பொன்னிறமாவதிலும் இதற்குப் பங்கு உண்டு. எனவே சமைக்கும் முன் தாள் துண்டால் மீண்டும் ஒருமுறை ஒற்றியெடுங்கள். கறியை அறைச்சூட்டுக்குக் கொண்டுவர வெளியே எடுத்து வைக்கும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. அரைமணி நேரத்தில் நடுப்பகுதி சில டிகிரிதான் ஏறும்.

சட்டியும் எண்ணெயும்

வார்ப்பிரும்பு அல்லது கனமான இரும்புச் சட்டியை எடுங்கள். குளிர்ந்த கறி விழுந்தவுடன் மெல்லிய பாத்திரத்தின் சூடு இறங்கிவிடும்; கனத்த இரும்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கும். நான்-ஸ்டிக் பாத்திரம் வேண்டாம், ஏனெனில் 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கித் தீங்கான புகையை வெளியிடுகிறது. வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் வைத்தால் அந்தச் சூடு விரைவில் வந்துவிடும். தோசைக்கல்லையும் விட்டுவிடுங்கள். விளிம்பு இல்லாததால் வெண்ணெய் அடுப்பில் வழியும் என்பது ஒரு காரணம். மறுநாள் தோசையில் மாட்டுக்கொழுப்பு மணந்தால் வீட்டில் நடக்கக்கூடியது இன்னொரு காரணம்.

சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். வெறும் சட்டியை நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி நெய் அல்லது சுத்திகரித்த கடலை எண்ணெய் ஊற்றுங்கள். வெண்ணெய் இப்போது வேண்டாம். அதிலுள்ள பால்திடம் கருகிவிடும். எண்ணெயிலிருந்து மெல்லிய புகை இழை எழும்போது கறியை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

சட்டியில்

இனிக் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். கறி விழுந்ததும் ‘சுர்ர்’ என்ற கூர்மையான ஓசை எழுந்து, அப்படியே நீடிக்க வேண்டும். அது தளர்ந்து கொதிக்கும் ஓசையாக மாறி, ஓரத்தில் சாம்பல் நிற நீர் தேங்கினால் சட்டி போதிய அளவு காயவில்லை. கறியை எடுத்துவிட்டு நீரைத் துடைத்து, மீண்டும் காயவிடுங்கள். ஒரே சட்டியில் நான்கு துண்டுகளை நெருக்கி அடைத்தாலும் இதே கதைதான்.

ஒரு பக்கம் முழுதாக வெந்த பிறகு ஒரே ஒருமுறை திருப்ப வேண்டும் என்ற விதியைப் பலர் வேதமாகச் சொல்வார்கள். நான் நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வேன். அடிக்கடி திருப்பும்போது எந்தப் பக்கமும் நீண்ட நேரம் நெருப்பை எதிர்கொள்வதில்லை. வெளிப்புறத்தை அடுத்த கறி சாம்பல் நிறமாக வறண்டுபோகும் பட்டை ஒடுங்குகிறது, சமையலும் விரைவாகிறது. பெருந்தீயில் வாட்டினால் சாறு உள்ளே பூட்டப்படும் என்பதும் இப்படித்தான் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய அந்தக் கருத்து உண்மையன்று. முறுகிய தோலின் வழியாகவும் சாறு கசியும், சட்டியில் ஓயாமல் கேட்கும் அந்த ஓசையே அதற்குச் சான்று. நாம் வாட்டுவது சுவைக்காக மட்டுமே. சுற்றுப்பக்கத்தையும் இடுக்கியால் நிறுத்திப் பிடித்து வாட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு நிமிடம் ஆனதும் வெப்பமானியைப் பக்கவாட்டில், சரியாக மையம் வரை செருகிப் பாருங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும்.) நீங்கள் விரும்பும் இறுதிச் சூட்டுக்குப் (அளவுகள் அடுத்த பகுதியில்) பத்து டிகிரி குறைவாக இருக்கும்போது தீயைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும், தோலோடு நசுக்கிய நான்கு பூண்டுப் பற்களும் போடுங்கள். தைம் என்னும் மணமூலிகை இருந்தால் ஒரு கொத்து. இல்லாவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டியைச் சாய்த்து, நுரைக்கும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கறியின் மேல் ஊற்றுங்கள்.

எப்போது இறக்குவது

நடுப்பகுதி 54 முதல் 57 வரை இருந்தால் உள்ளே சிவந்து, சாறு நிறைந்திருக்கும். இதைத்தான் மீடியம் ரேர் என்கிறார்கள். 60 முதல் 63 வரை இளஞ்சிவப்பு; 70ஐத் தாண்டினால் முழுதும் சாம்பல் நிறம். வெட்டும்போது வரும் சிவப்பு நீர் இரத்தம் அன்று. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர்.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. அமெரிக்க வேளாண் துறை, முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும், இறக்கிய பின் 3 நிமிட ஓய்வும் பரிந்துரைக்கிறது. குளிர்பதனம் இல்லாத கடையில் தொங்கிய கறி என்றால் நான் அதற்குக் கீழே போகமாட்டேன். மேற்பரப்புக் கிருமிகள் மட்டுமின்றி, தசைக்குள் இருக்கக்கூடிய நாடாப்புழுக் கூடுகளும் கணக்கில் வருகின்றன. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கும் இதே அளவுதான். அண்டர்கட் இயல்பிலேயே மென்மையானது என்பதால் 63இலும் நன்றாகவே இருக்கும். நம்பகமான குளிர்சங்கிலியில், அதாவது கடை வரை குளிரிலேயே வைத்துக் கொண்டுவரப்பட்ட கறியாக இருந்து, ஆபத்தை அறிந்தே சிவப்பாக உண்ண விரும்புவோர், விரும்பும் அளவுக்கு மூன்று டிகிரி முன்னதாக இறக்க வேண்டும். உள்ளே சூடு அதன் பிறகும் ஏறும்.

இறக்கிய துண்டுகளைக் கம்பிச் சட்டத்தில் ஐந்து நிமிடம் விடுங்கள். மூடி வைத்தால் ஆவியில் முறுகல் இளகிவிடும். மிளகைப் பெருந்தீயில் போட்டால் கருகிக் கசக்கும் என்பதால் இப்போது பொடித்துத் தூவுங்கள்.

ஓய்வு நேரத்தில் சட்டியிலுள்ள கொழுப்பை வடித்துவிட்டு, கால் தம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியுள்ள பழுப்புப் பொருக்கை மரக்கரண்டியால் சுரண்டிப் பாதியாக வற்றவிடுங்கள். அடுப்பை அணைத்த பின் ஒரு துண்டுக் குளிர்ந்த வெண்ணெயைக் கலக்கினால் சாறு கெட்டியாகும். உப்புப் பார்த்து, கறியின் மேல் அல்லாமல் தட்டின் ஓரத்தில் ஊற்றிப் பரிமாறுங்கள். மேலே ஊற்றினால் முறுகல் ஊறிப்போகும்.