பழைய பிரெஞ்சுக் கைநாற்காலிக்கு இருக்கை கட்டுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

'லூயி நாற்காலி' என்ற பெயரில் இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்திலோ (1852–1870) அதற்குப் பிறகோ 18ஆம் நூற்றாண்டில் 15, 16ஆம் லூயி மன்னர்கள் காலத்துப் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தவை. அதில் குறை ஒன்றுமில்லை, மரம் உறுதியாக இருந்தால் போதும். இந்த நாற்காலிகளுக்கு வந்த பெரிய கேடு, பிற்பாடு யாரோ திணித்த ஃபோம். குதிரை மயிரை அடைத்துத் தைத்த இருக்கைக்குக் கத்தி வைத்தாற்போல ஒரு விளிம்பு இருக்கும். ஃபோம் வைத்தால் அந்த விளிம்பு போய், ஊதிய தலையணை மாதிரி ஆகிவிடும். ஒல்லிக் காலும் உப்பிய இருக்கையும் சேர்ந்தால் கண்ணுக்குப் பொருந்துவதே இல்லை.

பக்கங்கள் திறந்து, மரக்கையின் மேல் சிறு திண்டு மட்டும் இருந்தால் அது 'ஃபோத்தெய்'. பக்கங்களும் மெத்தையால் அடைபட்டு, தனி மெத்தை ஒன்று மேலே கிடந்தால் 'பெர்ஷேர்'. முதல் முயற்சிக்கு ஃபோத்தெய் எடுங்கள். பெர்ஷேரில் துணி வெட்டும் வேலை இரண்டு மடங்கு.

1. எந்தக் காலத்து மாதிரி என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடக்கூடாது, ஏனென்றால் இருக்கையின் வடிவம் இதைப் பொறுத்தது. கால் வளைந்து, சட்டமெங்கும் சிப்பியும் பூவும் ஓடி, நேர்கோடே இல்லாமல் இருந்தால் 15ஆம் லூயி பாணி. அதில் கையைத் தாங்கும் மரம் முன்காலுக்கு நேர் மேலே நிற்காமல் சற்றுப் பின்தள்ளி நிற்கும். இடுப்பில் கூடை கட்டி விரித்த அந்தக் காலத்துப் பாவாடைக்கு இடம் விட்ட ஏற்பாடு அது. கால் நேராக, கீழே ஒடுங்கி, நீளவாக்கில் பள்ளக்கோடுகளோடு இருந்து, காலும் சட்டமும் சேரும் இடத்தில் சதுரக் கட்டைக்குள் ஒரு பூ செதுக்கியிருந்தால் 16ஆம் லூயி பாணி. முட்டை வடிவ முதுகு இந்தப் பாணியில்தான் பிரபலம். 2002இல் கார்ட்டெல் நிறுவனத்துக்காக பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த கண்ணாடி போன்ற 'லூயி கோஸ்ட்' பிளாஸ்டிக் நாற்காலியும் இந்த முதுகைத்தான் எடுத்துக்கொண்டது.

முதுகைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் சுவரோரம் வரிசையாகப் போட்டது. உட்குழிந்திருந்தால் 'கப்ரியோலே', கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டுப் பேசுவதற்கானது.

பிறகு கவிழ்த்துப் போட்டு, இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பாரிஸ் மரவேலைச் சங்கத்தின் 1743ஆம் ஆண்டு விதிகள், மேஸ்திரிகள் தங்கள் பெயரை மரத்தில் குத்த வேண்டும் என்றன. 1791இல் சங்கங்களே ஒழிக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நாற்காலி மேஸ்திரி ஜார்ஜ் ஜாகோப் போன்றவர் பெயர் தெரிந்தால் உடனே துள்ள வேண்டாம், முத்திரையைப் போலியாகக் குத்துவது பழைய தொழில். ஆனாலும் அப்படி ஒன்று இருந்தால் கையிலிருக்கும் உளியைக் கீழே வைத்துவிட்டு, பழம்பொருள் நிபுணரிடம் காட்டுங்கள். இந்தக் குறிப்பு 19, 20ஆம் நூற்றாண்டு நாற்காலிகளுக்கானது.

2. பிரிப்பது

முகமூடி போடுங்கள், பழைய மயிரிலிருந்து எழும் தூசி கொஞ்சநஞ்சமல்ல. மழுங்கிய உளியை ஆணித் தலைக்கு அடியில் வைத்து, கொட்டாப்புளியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தட்டுங்கள். ரேகைக்குக் குறுக்கே தட்டினால் சட்டத்தின் ஓரம் செதிலாகப் பெயர்ந்து வரும். பழைய துணியைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள், புதுத் துணி வெட்ட அதுதான் அளவு. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மயிரைத் தூக்கிப் போடாதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, கையால் பிய்த்துவிட்டால் மறுபடி எழும்பி நிற்கும்.

3. மரச்சட்டம்

இந்த நாற்காலிகள் பெரும்பாலும் பீச் மரம் அல்லது வால்நட் மரம். மூலைகள் துளையும் கழுந்துமாக இணைந்து, மர முளை அடித்து இறுக்கியவை. நாற்காலியை இரு கையாலும் பிடித்துக் குறுக்காக ஆட்டுங்கள். மூட்டு ஆடினால் அதைப் பிரித்து, பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்த பிறகே புதுப் பசை தடவ வேண்டும். பழைய பசையின் மேலேயே ஃபெவிகாலை விட்டு இறுக்கினால் மரத்தில் ஊறாது, சீக்கிரமே மறுபடி ஆடும். ஆணித் துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பழைய பெயின்ட்டும் தங்கப்பூச்சும் இருந்தால் உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

சட்டத்தின் மேல் வெளி விளிம்பை அரத்தால் 45 பாகைச் சாய்வில் 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். பின்னால் ஆணி அடிக்க இந்தச் சரிவு வேண்டும்.

4. நாடாவும் சாக்குத்துணியும்

ஸ்பிரிங் வைத்த இருக்கை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு நாடா சட்டத்தின் அடிப்பக்கம் வரும். இங்கே ஸ்பிரிங் இல்லை, ஆகவே நாடாவைச் சட்டத்தின் மேற்பக்கம் அடிக்கிறோம். 8 அல்லது 9 செ.மீ. அகலச் சணல் நாடா வாங்குங்கள். முனையில் 2 செ.மீ. மடித்து, 16 மி.மீ. ஆணி ஐந்தை ஒரே வரியில் வராமல் மேலும் கீழுமாக அடியுங்கள். ஒரே வரியில் அடித்தால் சட்டம் அந்தக் கோட்டில் பிளந்துவிடும். எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, குறுக்கு நாடாக்களைப் பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோத்துச் செல்லுங்கள். விரலால் தட்டினால் பறைபோலச் சத்தம் வர வேண்டும்.

அதன்மேல் தடித்த சாக்குத்துணியை ஓரம் மடித்து 13 மி.மீ. ஆணியால் அடியுங்கள்.

5. மயிர் அடைப்பது

கோணி ஊசியில் சணல் நூல் கோத்து, சாக்குத்துணியின் மேல் 15 செ.மீ. இடைவெளியில் நீளத் தையல் போட்டுச் செல்லுங்கள். நூலுக்கும் துணிக்கும் நடுவே விரித்த கை நுழையுமளவு தொய்வு வேண்டும். அந்த இடுக்கில் மயிரைத் திணித்தால் அது நகராது. ஓரங்களில் முதலில் நிரப்பி, நடுவுக்கு வாருங்கள். மயிர் கிடைக்கவில்லையா? பிரெஞ்சுப் பட்டறைகளே முதல் அடுக்குக்குத் தென்னை நாரைப் பயன்படுத்துகின்றன. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மேலடுக்குக்கு மட்டும் மயிர்தான் வேண்டும், நார் குத்தும்.

மேலே மெல்லிய சாக்குத்துணியைப் போர்த்தி, நடுவில் நாடா வரை ஊசியை விட்டு ஆறேழு இடத்தில் கட்டுங்கள். பிறகு ஓரத்து மயிரை இறுக்கமாகத் திணித்து, துணியை உள்ளே மடித்து, தேய்த்து வைத்த சரிவில் ஆணி அடியுங்கள்.

6. விளிம்புத் தையல்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரமாக இருந்தால் இன்று தொடங்காதீர்கள்.

இரண்டு முனையும் கூரான 25 செ.மீ. ஊசி வேண்டும். ஆணி வரிசைக்குச் சற்று மேலே பக்கவாட்டில் குத்தி, சாய்வாக இருக்கையின் மேற்பரப்பை நோக்கி அனுப்புங்கள். மேலே முனை எட்டிப் பார்க்கும். நூல் கோத்த காது வெளியே வருவதற்குள் நிறுத்திவிடுங்கள். அப்படியே ஊசியைச் சற்றுத் திருப்பி, வந்த வழியே பின்னோக்கித் தள்ளி, குத்திய இடத்துக்கு இடதுபுறம் 2 செ.மீ. தள்ளி வெளியே எடுங்கள். ஊசி பாதி வெளியே நிற்கும்போது, தொங்கும் நூலை அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, ஊசியை உருவி, நூலைச் சுண்டி இழுங்கள். உள்ளே ஒரு கண்ணி மயிரை அள்ளி விளிம்புக்கு இழுத்து வருவது கைக்குத் தெரியும். வலதுபுறம் 4 செ.மீ. நகர்ந்து அடுத்த தையல்.

ஒரு சுற்று முடிந்ததும் மேலே இன்னொரு சுற்று. இந்த முறை ஊசி மேற்பரப்பில் முழுதாக வெளியே வந்து, 2 செ.மீ. தள்ளி மறுபடி உள்ளே போக வேண்டும். நூலை இறுக்க இறுக்க, விளிம்பில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருளை எழும். 16ஆம் லூயி என்றால் அதை நேராக, பெட்டி ஓரம்போலக் கூர்மையாக நிறுத்துங்கள். 15ஆம் லூயிக்கு விளிம்பு தணிந்து, நடு மேடாக இருக்கட்டும். விளிம்பு அலை அலையாக வந்தால் அடியில் மயிர் சீராக இல்லை என்று பொருள். இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல், அந்தப் பகுதித் தையலை மட்டும் பிரித்து, நீண்ட கூர்க்கம்பியால் மயிரைத் தள்ளிவிட்டு மறுபடி தையுங்கள்.

7. மேல்துணி

நடுப்பள்ளத்தில் 2 செ.மீ. மயிர், அதன்மேல் பஞ்சுத் தாள், பிறகு காடாத் துணி. பஞ்சை விட்டுவிட்டால் மயிர் துணியைத் துளைத்துக்கொண்டு வரும். இருக்கை, முதுகு இருபுறம், கைத் திண்டுகள் எல்லாவற்றுக்கும் 140 செ.மீ. அகலத் துணி சுமார் ஒன்றரை மீட்டர் ஆகும். பெரிய பூப்போட்ட துணி என்றால் பூவை நடுவில் நிறுத்தக் கூடுதலாக வாங்க வேண்டும்.

நான்கு பக்க நடுவிலும் ஓர் ஆணியைப் பாதி மட்டும் அடித்து, நடுவிலிருந்து மூலைக்கு இழுத்துச் செல்லுங்கள். கைக்கட்டை வரும் இடத்தில் துணியை 'ஒய்' வடிவில் வெட்ட வேண்டும். மரத்துக்கு 1 செ.மீ. முன்பே கத்தரியை நிறுத்துங்கள். துணி வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு வெட்டில்தான். ஆணி வரிசையை மறைக்கச் சரிகைப் பட்டையை ஒட்டலாம்.

அடிப்பக்கம் துணி கட்டி மூட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் நாடாவைத் திறந்தேதான் விட்டன. சட்டத்தில் முத்திரையோ பென்சில் குறிப்போ இருந்தால், அடுத்து இதைப் பிரிக்கப்போகிறவருக்கு அது கண்ணில் படட்டும்.