விறைப்புப் பிரச்சினைக்குப் போனேன், சர்க்கரை சிக்கியது

சில மாதங்களாக விறைப்பு பாதியிலேயே தளர்ந்துவிடும், சில நாள் வராமலே போகும். யூராலஜி டாக்டர் முதலில் கேட்டது, காலையில் எழும்போது தானாக விறைப்பு வருகிறதா என்றுதான். அது வழக்கம்போல் வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் சிக்கல் என்றால் பெரும்பாலும் பதற்றம், மன அழுத்தம் என்று பார்ப்பார்களாம். எனக்கு அதுவும் குறைந்திருந்ததால் உடம்பில் காரணம் தேடினார். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தினுடையதைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு ஆரம்பித்தால் சிலருக்கு நெஞ்சுவலிக்குச் சில வருடம் முன்பே இங்கே தெரிந்துவிடும். (இதைக் கேட்டதும் கூச்சமெல்லாம் போய்விட்டது.)

பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். கடைசியதைக் காலையில்தான் எடுக்க வேண்டும், அளவு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை சிலவும் விறைப்புப் பிரச்சினையைக் கிளப்பும் என்பதால் நான் எடுக்கும் மருந்துகளையும் விசாரித்தார். என் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4, 6.5 வந்தாலே சர்க்கரை நோய்.

சர்க்கரைக்கு மருந்து, தினமும் நடை, சிகரெட்டுக்கு முழுக்கு. கொஞ்ச காலம் விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில் மாத்திரையும் தந்தார், அதுவும் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு அந்த மாத்திரை எப்போதாவதுதான் தேவைப்படுகிறது.