ருமேனிய மொழியில் முதல் வாக்கியம் கட்டுவது

ருமேனியாவுக்கு வேலைக்குப் போக ஆயத்தமாகிறவர்கள் முதலில் வினையின் இடத்தைப் பழக வேண்டும். தமிழில் கடைசியில் வரும் வினை அங்கே எழுவாயை ஒட்டி வரும். 'சந்தைக்குப் போகிறேன்' என்பது 'மெர்க் ல பியாத்ஸ'. மெர்க் வினை, பியாத்ஸ சந்தை. நம் 'கு' உருபின் வேலையைச் செய்கிற 'ல', பெயருக்கு முன்னே நிற்கிறது. 'நான்' தேவையில்லை, ஈறே ஆளைக் காட்டும்: மெர்க் (போகிறேன்), மெர்ஜ் (போகிறாய்), மெர்ஜெ (போகிறான், போகிறாள்), மெர்ஜெம் (போகிறோம்), மெர்ஜெத்ஸ் (போகிறீர்கள்), மீண்டும் மெர்க் (போகிறார்கள்). மேலதிகாரியோடு கதைக்கும்போது ஆள் ஒருவரானாலும் மெர்ஜெத்ஸ்தான். மறுப்புக்கு வினைக்கு முன் 'நு': நு மெர்க்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி: அவர்களுடைய த, நம் பல்லொலித் த. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்க வேண்டாம்.

அதிகம் பிழை விடும் இடம் பெயரின் ஈறு. 'ஒரு' என்பது ஆண்பாலுக்கு 'உன்', பெண்பாலுக்கு 'ஒ'. குறிப்பிட்ட ஒன்றைச் சொன்னால் அடையாளம் பெயரின் பின்னே ஒட்டும்: உன் த்ரென் (ஒரு ரயில்), த்ரெனுல் (அந்த ரயில்), ஒ காஸ (ஒரு வீடு), காஸா (அந்த வீடு). பேச்சில் 'த்ரெனுல்' பெரும்பாலும் 'த்ரெனு' என்றே காதில் விழும். 'காஸ'வின் கடைசி அகரம் மங்கலானது, 'காஸா'வில் அது தெளிவாக ஒலிக்கும். பொருள் அதில்தான் மாறுகிறது. பால், பொருளைப் பார்த்து வராது: பாண் (பூய்னெ) பெண்பால். மூன்றாவது வகையும் உண்டு, ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடக்கும்: உன் ஸ்காவுன் (ஒரு கதிரை), தோவ ஸ்காவுனெ (இரண்டு கதிரை). ஆகவே எந்தப் பெயரையும் உன், ஒ சேர்த்தே பாடமாக்குங்கள்.

'ல' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் அந்த ஒட்டு உதிர்ந்துவிடும். பெயரை ஏதாவது விளக்கினால் திரும்பி வரும்: மெர்க் ல பியாத்ஸா தின் திருநெல்வேலி (திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறேன்). ருமேனியச் சொல்லான 'கு' (நம் 'கு' உருபல்ல, 'ஓடு' என்ற பொருள்) இதற்கு விலக்கு, வாகனத்தோடு வந்தால் ஒட்டு நிற்கும்: மெர்க் கு த்ரெனுல், ரயிலில் போகிறேன்.

'போக விரும்புகிறேன்' என்பதில் நம் 'போக' எவருக்கும் மாறாது. அங்கே இரண்டு வினையும் ஆளுக்கேற்ப மாறும், நடுவில் 'ஸ' வரும்: வ்ரெயாவ் ஸ மெர்க் (நான்), வ்ரெய் ஸ மெர்ஜ் (நீ). அவன், அவள் என்றால் வடிவமே வேறு: வ்ரெயா ஸ மெயார்க. இங்கே 'மெர்ஜெ' சொன்னால் பிழை.