செட்டிநாட்டு வீட்டில் சோலார்: ஓட்டையும் உடைக்காமல், பங்காளியையும் பகைக்காமல்

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் ‘பிஎம் சூர்ய கர்’ திட்டம் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 என்று மானியம். வெயிலுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. ஆனால் விளம்பரத்தில் வரும் வீடு கான்கிரீட் மாடி, ஒரே உரிமையாளர், வருடம் முழுக்க ஆள் புழக்கம் உள்ள வீடு. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இந்த மூன்றுமே கிடையாது.

முதலில் கரண்ட் பில். கடைசி ஆறு பில்லையும், அதாவது ஒரு வருடத்துக் கணக்கை, எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் 100 யூனிட்டுக்குள் இருந்தால் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். இலவச யூனிட்டிலேயே வீடு ஓடிவிடுகிறது, மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு படைப்பு (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) என்று கூட்டம் கூடும் நாலு நாளை வைத்து அளவு முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஜெனரேட்டர் வாடகைதான் மலிவு.

ஆள் குடியிருக்கும் வீடு என்றால் கணக்கு வேறு. இங்கே 1 கிலோவாட் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 230 என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடுவதால், 500-ஐ ஒட்டி ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். இரண்டு ஏசியும் போர் மோட்டாரும் சேர்ந்து 800-ஐத் தொடும் வீட்டுக்கு 3. அதற்கு மேல் போனால் மானியம் ஏறாது, செலவு மட்டும் ஏறும். வீட்டை ஹோட்டலாகவோ ஹோம்ஸ்டேயாகவோ மாற்றி வணிக இணைப்பு வாங்கியிருந்தால் இந்த மானியமே இல்லை.

பலருக்கு வேலை மாதக்கணக்கில் நின்றுபோவது பேனலால் அல்ல, பெயரால். மின் இணைப்பு இன்னும் ஐயா பெயரில் இருக்கும். வீட்டில் ஏழெட்டுப் புள்ளிக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். விண்ணப்பிப்பவர் சென்னையிலிருக்கும் பேரன். இணைப்பில் ஒரு பெயர், விண்ணப்பத்திலும் வங்கிக் கணக்கிலும் வேறு பெயர் என்றால் மானியம் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் பெயர் மாற்றம். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகம் போங்கள். அதே சம்மதக் கடிதத்தில் ‘மாடியில் இன்ன இடத்தில் சோலார் வைக்க ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மின்சாரம் யார் பங்குக்கு என்ற பேச்சு பின்னால் கட்டாயம் வரும்.

இடம் தேர்வில் ஒரே கண்டிப்பு: நாட்டு ஓட்டின் மேல் வைக்கவே வேண்டாம். ஓடுகள் ஆணியில்லாமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பவை. ஆள் ஏறினாலே உடையும், நகரும். ஒழுகல் முதலில் தெரியாது; கீழே தேக்குச் சட்டம் ஊறிய பிறகுதான் தெரியும். உடைந்ததற்கு மாற்று ஓடு தேடுவது தனி அலைச்சல். முகப்பு மாடியும் வேண்டாம். தெருவில் நின்று பார்த்தால் லட்சுமி சுதைக்குப் பின்னால் நீலப் பலகை தெரிவது கண்ணுக்கு உறுத்தல். சுதையின் நிழலும் பேனலில் விழும். பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் தளம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் பின்வாசல் பக்கம் கார் ஷெட் போட்டு அதன் மேல் வையுங்கள். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் தளம் மட்டும்தான் இருக்கிறது என்றால் துளை போட விடாதீர்கள். உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம் அது. ஆங்கர் போல்ட் பிடிக்காது, துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. ஆறு பேனல், இரும்புச் சட்டம், கான்கிரீட் கட்டை எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டலாம். அந்தப் பாரம் சுவருக்கு மேலே இறங்க வேண்டும், உத்தரங்களுக்கு நடுவில் அல்ல. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். சோலார்க்காரர் இதைப் பார்க்கமாட்டார்.

சாய்வு 10 டிகிரி, முகம் தெற்கு. சட்டத்தின் உயரம் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். ‘கீழே துணி காயப்போடலாம்’ என்று எட்டடி உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் புதுக்கோட்டை, சிவகங்கை வரை வந்து என்ன செய்தது என்று நினைவிருப்பவர்கள் சம்மதிக்கமாட்டார்கள். அதே சமயம் பேனலுக்கு அடியில் அரை அடியாவது காற்றோட்டம் வேண்டும். பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.35 சதவீதம். மே மாத மதியம் பேனல் 65 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கத்திரி வெயிலில் உற்பத்தி கொட்டும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். பிப்ரவரி, மார்ச்தான் நல்ல மாதங்கள்.

நிழலை டிசம்பரில் பாருங்கள். அப்போது காலை ஒன்பது மணிவாக்கில் மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் நாலடிக்கு மேல் நீளும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் அடி வாங்கும்.

வயரை வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய உள்கட்டும்) வழியாக இழுக்கவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருப் பூச்சைக் காடி வெட்டினால் திரும்ப அதே மாதிரி பூசத் தெரிந்த ஆட்கள் குறைவு. பின்சுவரின் வெளிப்பக்கமாகக் குழாயில் இறக்கி, இன்வெர்ட்டரைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். எர்த் குழி மூன்று: பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் மாற்றித் தரும் ஏசி மின்சாரத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒரே குழியில் மூன்றையும் முடிப்பது வழக்கமான ஏமாற்று. செம்மண் கோடையில் கல்லாக இறுகிவிடும், எர்த் பிடிக்காது. மீட்டர் வைத்து 5 ஓமுக்குக் கீழே காட்டச் சொல்லுங்கள். கோடையில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாகவே அணைகிறது. அது கோளாறு அல்ல. பவர்கட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் வாங்க வேண்டும், விலை நன்றாகவே கூடும்.

வீடு பாதி நாள் பூட்டிக் கிடந்தால் வைஃபை இருக்காது. இன்வெர்ட்டருக்குச் சிம் போடும் டேட்டா ஸ்டிக் கேளுங்கள். இடி மின்னலில் பிரேக்கர் விழுந்து, அடுத்த பில் வரும்வரை யாருக்குமே தெரியாமல் கிடப்பதுதான் இங்கே பெரிய நஷ்டம். வாட்ச்மேனுக்கு எந்த சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்று பெயின்டால் குறி போட்டுக் காட்டுங்கள்.

பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். செம்மண் தூசியோடு மயில் எச்சமும் சேரும். எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அந்த இடம் மட்டும் சூடேறிப் பேனல் கெடும். காலை ஏழு மணிக்குள், மென்மையான துணியால். போர் தண்ணீர் உப்புப் படலம் விடும், மழைத் தண்ணீர் நல்லது. வளவில் அண்டா வைத்துப் பிடிக்கிற பழக்கம் இன்னும் உள்ள வீடுகளுக்கு இது சுலபம்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணோடு. 10 கிலோவாட் வரை முன்கூட்டியே தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. இந்தியாவில் செய்த செல் கொண்ட பேனலுக்கே மானியம் என்பதால், பில்லில் ‘டிசிஆர்’ என்ற எழுத்தும் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய கொட்டேஷனை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். கடைசி 10 சதவீதப் பணத்தை நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரம், திருப்பி அனுப்பும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, ஏற்றுமதி யூனிட் திரையில் ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.