டிவி சமையலும் வீட்டுக்குப் போய்ச் சமைப்பதும்: எங்கே சறுக்குகிறார்கள்?

டிவியில் சமைத்துக் காட்டுபவர், அழைத்த வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் கொடுப்பவர் இருவரும் ஒரே தொழில் செய்வதுபோலத்தான் வெளியே தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் டிவியில் சாப்பிடப்போகிறவர் எதிரில் இல்லை. அவர் எங்கோ ஒரு சமையலறையில் உங்கள் வார்த்தையை நம்பி உப்புப் போடுகிறார். வீட்டுச் சமையலில் சாப்பிடுகிறவர் கூடத்திலேயே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வேலையின் பழக்கத்தை அப்படியே மற்றதற்குள் கொண்டுபோவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

"கொஞ்சம்", "தேவையான அளவு"

கைப்பக்குவம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கை சரியாகப் போட்டுவிடும், வாய் அளவு சொல்லாது.

கப் விஷயத்தையே பாருங்கள். கடையில் விற்கும் அளவுக் கப் 240 மி.லி. வீட்டு டம்ளர் 200 மி.லி. பழைய ஆழாக்கு சுமார் 168 மி.லி. அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் அளந்தால் விகிதம் கெடாது. உப்பும் மிளகாய்த்தூளும் டீஸ்பூன் கணக்கில் வருவதால் அங்கேதான் கெடும். 240 மி.லி. கப்புக்குச் சொன்ன உப்பை ஆழாக்கில் அரிசி அளந்தவர் போட்டால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பு விழும். சாதம் கரிக்கும், பழி உங்கள் குறிப்பின் மேல். எந்தக் கப் என்பதை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கல் உப்பா, தூள் உப்பா என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே டீஸ்பூனில் எடை குறையும். புளிக்கு "எலுமிச்சை அளவு" என்று சொல்வதில் தப்பில்லை. கூடவே "25 கிராம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

ஸ்டூடியோவில்

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பருப்பு வேகவே அது போதாது. அதனால் ஒரே பதார்த்தத்தை மூன்று நிலைகளில் தயாராக வைப்பார்கள்: நறுக்கி அளந்த பச்சைப் பொருள்கள், பாதி வெந்தது, முழுதாக முடிந்தது. இதில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, முடிந்த பதார்த்தத்தைக் காலையிலேயே செய்து வைத்துவிட்டு மாலையில் காட்டுவது. பொங்கல் கட்டியாகியிருக்கும், கொத்தமல்லி கறுத்திருக்கும், வடை எண்ணெய் குடித்துச் சுருங்கியிருக்கும். முடிவில் வரும் தட்டை முதலில் படம்பிடிக்க முடியுமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அந்தத் தட்டுக்கான சமையலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, நிலைக்கு நிலை அடையாளம் மாறுவது. முதல் வாணலியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், அடுத்ததில் நீளவாக்கில் நறுக்கியது! பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பாது. ஒரே மாதிரி வாணலி இரண்டு வேண்டும், நறுக்குபவர் ஒருவராக இருக்க வேண்டும்.

தாளிப்பு எளிது என்று நினைப்பார்கள். கேமரா முன்னால் அதிகம் சொதப்புவது அதுதான். கறுப்பு இரும்பு வாணலியில் கடுகு தெரியவே தெரியாது. அடி வெளுத்த பாத்திரம் எடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் கடுகை மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சில நொடிகள் கடுகு வெடிக்கும் சத்தம்தான் பேச வேண்டும். வெடிப்பு அடங்கும்போது உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமானதும் காய்ந்த மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. நேரமில்லை என்று ஒரே தட்டில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினால் கடுகு வெடிக்காமல் கசக்கும். அது வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் மிளகாய் கருகிக் கமறும். கறிவேப்பிலையைத் துணியில் ஒற்றி எடுக்காமல் ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

சத்தத்தையும் கணக்கில் வையுங்கள். மிக்ஸி, குக்கர் விசில், சிம்னி மூன்றும் பேச்சை விழுங்கும். அரைத்ததைத் தயாராக வைத்துக்கொண்டு, மிக்ஸியை மூன்று நொடி ஓடவிட்டுக் காட்டினால் போதும். கண்ணாடி வளையலும் நீளச் சங்கிலியும் சட்டையில் மாட்டிய மைக்கில் உரசும். நெருக்கமான சின்னக் கட்டம் போட்ட சட்டை திரையில் நெளியும்.

சின்னத் தவறு நடந்ததும் "கட்" சொல்லிப் பதறுவது தேவையே இல்லை. அமெரிக்காவில் ஜூலியா சைல்டின் டிவி சமையல் நிகழ்ச்சி 1963-ல் தொடங்கியது. ஏறக்குறைய நிறுத்தாமலே பதிவு செய்வார்கள். ஒருமுறை அவர் திருப்பிப்போட்ட உருளைக்கிழங்கு அடை பாதி அடுப்பின் மேலேயே விழுந்துவிட்டது. அள்ளிச் சேர்த்து, எங்கே தயங்கினேன் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பேசுகிறார்கள். குழம்பு திரிந்தால் எப்படி மீட்பது என்பதுதான் வீட்டில் பார்ப்பவருக்கு உண்மையில் வேண்டியது. மறைக்கக் கூடாததும் உண்டு, மன்னிக்க முடியாததும் உண்டு: ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடுவது, பச்சைக் கோழியைத் தொட்ட கையால் உப்பு டப்பாவைத் திறப்பது இரண்டாவது வகை.

டிவியை முதல் படியாக நினைப்பதும் ஒரு கணக்குப் பிழை. தமிழ்த் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற தாமு, வெங்கடேஷ் பட் இருவரும் ஹோட்டல் சமையலறைகளில் இருந்து வந்தவர்கள். மாதம்பட்டி ரங்கராஜ் கல்யாணச் சமையலில் இருந்து வந்தவர். திரைக்கு வருமுன்பே அவர்களுக்குத் தொழில் இருந்தது. நிகழ்ச்சி நின்றால் அடுத்த மாதச் செலவுக்கு என்ன வழி என்பதற்கு விடை வைத்துக்கொண்டே உள்ளே போங்கள்.

அடுத்தவர் வீட்டில்

சமைக்கும் நாளன்றுதான் அந்தச் சமையலறையை முதன்முதலில் பார்ப்பது பெரிய தவறு. முன்கூட்டியே ஒருமுறை போய், அடுப்பில் எத்தனை பர்னர், அதில் பெரிய பாத்திரம் நிற்குமா, ஃப்ரிட்ஜில் எவ்வளவு இடம், அசைவத்துக்குத் தனிப் பாத்திரமா என்று பார்த்துவிடுங்கள். யாருக்கு எது ஒவ்வாது என்பதை எழுதி வாங்குங்கள். முந்திரி ஒவ்வாதவருக்கு வெள்ளைக் குருமா ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கோதுமை ஒவ்வாதவருக்கு ரசமும் ஆகாமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்த்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நான்கு பேர் குறிப்பை ஐந்தால் பெருக்கி இருபது பேருக்குச் சமைப்பது அடுத்த சறுக்கல். சாம்பாருக்குத் துவரம்பருப்பு தலைக்கு 25 முதல் 30 கிராம். இருபது பேருக்கு 500 முதல் 600 கிராம். இதுவரை பெருக்கல் சரி. தண்ணீரை ஐந்து மடங்கு ஊற்றினால் சாம்பார் நீர்த்துவிடும். பெரிய பாத்திரத்தில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, ஆவியாகிப் போவதும் அந்த அளவுக்குக் குறைவு. நான்கு மடங்கில் நிறுத்தி, கொதித்ததும் பார்த்துச் சேர்க்கலாம். மிளகாய்த்தூளும் அப்படியே. தாளிக்கும் எண்ணெய்க்கு மூன்று மடங்கே தாராளம். வீட்டு பர்னரில் இரண்டு கிலோ வெங்காயத்தை ஒரேயடியாகக் கொட்டினால், சூடு போதாமல் தண்ணீர் விட்டு வெந்துபோகும், வதங்காது. இரண்டு மூன்று ஈடாக வதக்குங்கள், அதற்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் காலை எட்டு மணிக்கே சாதம் வடித்து மேடையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒன்று 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். பத்து லிட்டர் பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஆறவிடுங்கள்.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மளிகைச் செலவு தனி, கூலி தனி. இரண்டையும் ஒரே தொகையாகப் பேசிவிட்டு, தக்காளி விலை ஏறும்போது சொந்தக் காசைப் போடுபவர்கள் அதிகம். பட்டியல், ஆள் கணக்கு, பரிமாறுவது யார், பாத்திரம் கழுவுவது யார், கடைசி நேரத்தில் ஆள் கூடினால் தலைக்கு எவ்வளவு என்று ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். "பன்னிரண்டு பேர்தான்" என்பது பதினெட்டு பேராக மாறுவது நம் ஊரில் புதிதல்ல.

உங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுபோய் விற்பதாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். சிறு தொழிலுக்கான பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். சமையல் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

டிவியில் முகம் தெரிந்தவர்கள் வீட்டு வேலையில் செய்யும் தவறுகள் தனி ரகம். வீட்டுக்காரம்மா "எங்க வத்தக்குழம்புல வெல்லம் தூக்கலா இருக்கும்" என்றால், அது முறையில்லை என்று பாடம் எடுப்பார்கள். அந்த நாக்குக்குத்தான் கூலி வாங்குகிறோம், வெல்லத்தைப் போடுங்கள். முதலில் நான்கு பேருக்கு ஒருவேளை சமைத்துக் காட்டினால் இந்தச் சண்டையே வராது. கேட்காமல் அந்தச் சமையலறையில் ரீல் எடுப்பது அதைவிட மோசம். பின்னால் மாட்டியிருக்கும் குடும்பப் படம், கூடத்தில் விளையாடும் குழந்தை எல்லாம் அதில் விழும். ஒரு வீட்டில் இது நடந்தால், அந்தத் தெருவில் அடுத்த அழைப்பு வராது.

வேலை முடிந்த களைப்பில் அப்படியே கிளம்புவதும் கூடாது. பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் ஆறவிட்டு வடிகட்டிக் கொடுங்கள். மீந்ததைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுத் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் பார்க்கவே சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் புறப்படுங்கள்.